மாரியோவை ஆடியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில் சூப்பர் மாரியோ வீடியோ கேம் பற்றி எழுதியபோது, ‘விரல் வேகத்தால் உலகை வியக்க வைத்த இளைஞர்’ என்று ஒரு வீடியோவின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அந்தப் படத்தின் மூலையிலேயே ‘டூல் அசிஸ்டட்’, அதாவது கருவி உதவியோடு செய்தது, என்று இருக்கிறது. உங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் கண்ணாடி மாற்றும் நேரம் போலிருக்கிறது.

அதை ஆடியது விரல் இல்லை ஐயா. நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் ஆட்டத்தை, பழைய கேம் மெஷின் போலவே கம்ப்யூட்டரில் இயங்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, எந்த பட்டன் என்று பார்த்துப் பார்த்துப் போட்டு, சொதப்பினால் சேவ் செய்த இடத்துக்கே திரும்பி வந்து செய்வது. இடது, வலது இரண்டையும் ஒரே சமயத்தில் அமுக்குவதுகூட அதில் உண்டு. 90களில் எம்.சி. ரோடு பக்கம் அரை மணிக்கு இரண்டு ரூபாய் கொடுத்து மாரியோ ஆடியவன் நான். திசை மாற்றும் பிளஸ் வடிவ பட்டனில் அதையே செய்து பார்த்து, பட்டன் உடைந்து, கடைக்கார அண்ணனிடம் வாங்கிய அறை இன்னும் நினைவிருக்கிறது.

அதுவும் உழைப்புதான், மறுக்கவில்லை. செய்பவர்கள் கருவியால் செய்தது என்று சொல்லித்தான் வெளியிடுகிறார்கள். மறைத்தது நீங்கள்தான். கையால் வேகமாக ஆடி முடிப்பவர் நிலைமை வேறு. நாலாவது நிமிடத்தில் ஒரு தாவல் தப்பினால் மறுபடி 1-1, அதாவது முதல் கட்டத்திலிருந்து. 1985இல் வந்த ஆட்டத்தை 4 நிமிடம் 55 நொடிக்குள் ஒருவர் கையால் முடிக்க 2021 ஆனது. நிஃப்ட்ஸ்கி என்ற பெயரில் ஆடுபவர் அவர். உங்கள் கட்டுரையில் அவருக்கு ஒரு வரி இல்லை. 2003இல் மொரிமோட்டோ என்பவர் கருவியால் செய்த மாரியோ 3 வீடியோவைக் கையால் ஆடியதாக நம்பிப் பலர் ஏமாந்தார்கள். சரி, அப்போது புதுசு. இப்போது உங்களுக்கு என்ன?

விரலால் ஜெயிப்பவர்களை உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குப் புதிதில்லை. 2024இல் அமெரிக்காவில் உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினாரே எங்கள் வடசென்னைப் பிள்ளை காசிமா, அவருக்கு நீங்கள் கொடுத்தது தீப்பெட்டி அளவு இடம். பக்கத்திலேயே ‘வடசென்னை ரவுடி கைது’, அரைப் பக்கம், கலரில். அதற்கு முன்பு தண்டையார்பேட்டையில் தேங்கிய மழைத் தண்ணீரைத் திருவொற்றியூர் என்று போட்டீர்கள். முழங்கால் தண்ணீரில் நின்றவன் கார்டு எழுதினேன். பதில் இல்லை.

வரும் ஞாயிறு இரண்டு வரி திருத்தம் போடுங்கள், போதும். தீப்பெட்டி அளவு இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர்,
தண்டையார்பேட்டை (திருவொற்றியூர் அல்ல), சென்னை – 81