1922 குழுவினருக்கு: உறைக்குள் இருப்பதை ஊருக்குச் சொல்லுங்கள்

கன்சர்வேட்டிவ் கட்சியின் பின்வரிசை நாடாளுமன்ற உறுப்பினர்களின் அமைப்பான 1922 குழுவின் தலைவருக்கும் நிர்வாக உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் கட்சி உறுப்பினன் அல்லன். பொதுநலவாய நாடொன்றின் கடவுச்சீட்டோடு இங்கே குடியேறி, அந்த உரிமையில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா (பிரெக்சிட்) என்ற பொதுவாக்கெடுப்புக்காக 2016 ஜூன் 23 அன்று வாக்குச்சாவடிக்குப் போய் வந்த பல்லாயிரம் பேரில் ஒருவன். தமிழில் எழுதுவதால் இதை நீங்கள் படிக்கப் போவதில்லை என்பதும் தெரியும். உங்கள் தொகுதிகளில் வீடு வாங்கி, வரி கட்டி, தேர்தல்தோறும் உங்கள் துண்டறிக்கைகளை வாசலில் பொறுக்கும் தமிழர்கள் படிப்பார்கள். அவர்களில் யாராவது உங்கள் உறுப்பினர் ஒருவரிடம் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் அதுவே எனக்குப் போதும்.

கெமி பேடனாக் கட்சித் தலைவரானதை ஒட்டி, தலைவர்மீது நம்பிக்கை வாக்கெடுப்பு கோரிக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உங்கள் குழுத் தலைவருக்கு அனுப்பவேண்டிய கடிதங்களின் அளவை 15 விழுக்காட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்காக உயர்த்தினீர்கள். அடிக்கடி தலைவரை மாற்றிக் களைத்துப்போன கட்சி கதவைக் கொஞ்சம் இறுக்குவது இயல்புதான். ஆனால் கோளாறு எண்ணிக்கையில் இல்லை. கடிதம் எழுதுபவர் யார், ஏன் எழுதுகிறார், இதுவரை எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்ற மூன்றும் நாட்டுக்கு மறைக்கப்படுவதில் இருக்கிறது. 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் தெரேசா மேமீது நடந்த வாக்கெடுப்பை வைத்தே இதைச் சொல்கிறேன்.

அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைவர்கள் விலகல் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். டிசம்பர் 11 அன்று நாடாளுமன்றம் அதன்மீது வாக்களிக்க வேண்டும். தோற்பது உறுதி என்று தெரிந்ததும், முதல் நாளே பிரதமர் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார். வட அயர்லாந்து எல்லையில் சோதனைகள் வராமலிருக்க ஒப்பந்தத்தில் வைத்த ‘பேக்ஸ்டாப்’ ஏற்பாட்டில் ஏதாவது தளர்வு கிடைக்குமா என்று மறுநாள் ஹேக், பெர்லின், பிரஸ்ஸல்ஸ் என்று ஓடினார். திரும்பி வந்த இரவில் உங்கள் அன்றைய தலைவர் சர் கிரஹாம் பிரேடி அவரிடம் செய்தியைச் சொன்னார்: 48 கடிதங்கள் சேர்ந்துவிட்டன. அப்போது கட்சிக்கு 315 உறுப்பினர்கள். அதில் 15 விழுக்காட்டை எட்ட 48 தேவை. பிரெக்சிட் கெடுவான 2019 மார்ச் 29க்கு 108 நாள்கள்தான் மீதமிருந்தன.

மறுநாள் டிசம்பர் 12. காலையில் அறிவிப்பு, டவுனிங் தெரு வாசலில் பிரதமரின் உரை, நண்பகலில் வழக்கமான கேள்வி நேரம், மாலையில் உங்கள் கூட்டத்தில் அவர் பேச்சு, பிறகு 14ஆம் எண் குழு அறையில் இரண்டு மணி நேர வாக்குப்பதிவு. ஒழுங்கு நடவடிக்கையால் கட்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த இருவருக்கு அன்றைக்கென்று கதவு திறந்துவிடப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கட்சிக்கு வாக்கு எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்பதை அது காட்டியது. 2022 தேர்தலில் கட்சிக்குத் தலைமை தாங்க மாட்டேன் என்று அவர் அறைக்குள் வாக்குறுதி கொடுத்த செய்தி வெளியே வந்தது. இரவு ஒன்பது மணியளவில் பிரேடி முடிவைப் படித்தார்: நம்பிக்கை உண்டு 200, இல்லை 117.

இந்த இரண்டு எண்களுக்கும் என்ன பொருள்? இன்றுவரை எவராலும் சொல்ல முடியவில்லை. ஒப்பந்தம் பிரித்தானியாவை ஐரோப்பாவோடு கட்டிப்போடுகிறது என்று கொதித்தவர்களும், பிரெக்சிட்டே பிழை என்று நினைத்தவர்களும், மேயின் நிர்வாகத் திறமையில் வெறுத்துப்போனவர்களும் அந்த 117க்குள் சேர்ந்தே இருந்திருக்கலாம். 200இலும் அதே கலவைதான்: ஒப்பந்தத்தை ஆதரித்தவர்கள், ஒப்பந்தத்தை வெறுத்தாலும் கிறிஸ்துமஸ் நேரத்தில் தலைமைப் போட்டி வேண்டாம் என்று பயந்தவர்கள், அமைச்சர் பதவியில் இருந்தவர்கள். அமைச்சரவை உறுப்பினர்கள் காலையிலேயே வரிசையாக ஆதரவுப் பதிவுகள் போட்டுவிட்டார்கள். அரசுப் பதவியில் இருப்பவர்களைக் கழித்துவிட்டால் பின்வரிசையில் பெரும்பான்மை பிரதமருக்கு எதிராக வாக்களித்திருக்கும் என்பது எதிரணியின் கணக்கு. கணக்கு நியாயமானதாகவே தோன்றியது. ஆனால் சரிபார்க்க வழியில்லை, வாக்கு ரகசியம்.

அதற்கும் முன்னால் கடிதங்களே ரகசியம். அந்த இலையுதிர்காலம் முழுவதும் நாடு ஒரு விசித்திரமான விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரெக்சிட் அமைச்சர் டொமினிக் ராப் பதவி விலகிய நவம்பர் 15 அன்று உங்கள் உறுப்பினர் ஜேக்கப் ரீஸ்-மாக் தம் கடிதத்தை வெளிப்படையாகவே கொடுத்தார். கட்சிக்குள் தீவிர பிரெக்சிட் ஆதரவாளர்களான ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுவினர் 48 இதோ வந்துவிட்டது என்றார்கள். வரவில்லை. இருபதுக்கும் மேற்பட்டோர் பெயர் சொல்லி அறிவித்திருந்தார்கள். மற்றவர்கள் எழுதினார்களா, எழுதியதாகச் சொல்லிக்கொண்டார்களா, எழுதித் திரும்பப் பெற்றார்களா என்பது ஒரே ஒரு மனிதருக்குத்தான் தெரியும். செய்தியாளர்கள் அவர் முகத்தைப் பார்த்து எண்ணிக்கையை ஊகித்தார்கள். பவுண்டின் மதிப்பு, எல்லைச் சோதனை, இங்கே வாழும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியக் குடிமக்களின் நிலை எல்லாம் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஓர் அரசின் ஆயுள் ஒருவருடைய அலமாரிக்குள் இருந்தது.

இதைத்தான் நான் கையெழுத்திட்ட மொட்டைக் கடிதம் என்பேன். பெறுபவருக்குப் பெயர் தெரியும். பாதிக்கப்படும் ஊருக்குத் தெரியாது. மொட்டைக் கடிதம் எழுதுபவனாவது தன் பெயர் போடத் துணியவில்லை என்று ஊர் ஏசும். உங்கள் உறுப்பினர்களுக்கு அந்த ஏச்சும் இல்லை.

சரி, இரவு ஒன்பது மணிக்கு முடிவு வந்ததே, அதன்பின் என்ன தீர்ந்தது? மறுநாள் மே பிரஸ்ஸல்ஸ் உச்சிமாநாட்டுக்குப் போனார். முந்தின இரவில் தன் கட்சியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டு வந்தவருக்கு எதிர்பார்க்கத்தக்க வரவேற்பே கிடைத்தது: ஆறுதல் வார்த்தைகள், மாறாத ஒப்பந்தம். ஜனவரி 15 அன்று அந்த ஒப்பந்தம் 432க்கு 202 என்று வீழ்ந்தது. 230 வாக்கு வித்தியாசம். நவீன நாடாளுமன்ற வரலாற்றில் எந்த அரசும் சந்திக்காத தோல்வி. அன்று எதிர்த்து வாக்களித்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் 118 பேர். டிசம்பரில் 117, ஜனவரியில் 118. இரண்டும் ஒரே ஆட்கள்தானா? அருகருகே நிற்கும் அந்த எண்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஜனவரிப் பட்டியல் அச்சில் இருக்கிறது. டிசம்பர்ப் பட்டியல் இல்லை.

அதற்கு மறுநாள், ஜனவரி 16, எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் தலைவர் ஜெரமி கோர்பின் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம். 325க்கு 306 என்று அரசு தப்பியது. உங்கள் கட்சியில் ஒருவர்கூட அரசுக்கு எதிராக வாக்களிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன் ‘இவர்மீது நம்பிக்கை இல்லை’ என்று சீட்டில் எழுதிய 117 பேரும் இப்போது ‘இவருடைய அரசின்மீது நம்பிக்கை உண்டு’ என்று நடந்து போனார்கள். தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்பது அவர்கள் காரணம். அதை நான் பாசாங்கு என்று சொல்லவில்லை. தலைவர் வேறு, அரசு வேறு என்ற வாதத்துக்கு இடமுண்டு. அந்த வாதத்தை அவர்கள் தங்கள் தொகுதி மக்கள் முன்னால் நின்று சொல்லவேண்டிய கட்டாயம் வரவில்லை என்பதுதான் என் குறை. ஒரு வாக்கு மறைவில், இன்னொன்று வெளிச்சத்தில் இருந்ததால் இரண்டையும் இணைத்து யாரும் கேள்வி கேட்க முடியவில்லை.

பிறகு உங்கள் ஓராண்டு விதி. வென்ற தலைவரை பன்னிரண்டு மாதங்களுக்குத் தொடக்கூடாது. கடிதம் எழுதியவர்கள் தாங்களே மேக்கு ஒரு கவசத்தை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். மார்ச்சில் ஒப்பந்தம் மேலும் இரண்டு முறை தோற்றது. 391க்கு 242, பிறகு 344க்கு 286. இரண்டாவதற்கு முன், ஒப்பந்தத்தை நிறைவேற்றினால் பதவியை விட்டுவிடுகிறேன் என்று பிரதமர் உங்கள் குழுவிடமே பேரம் பேச வேண்டியிருந்தது. கெடு முதலில் ஏப்ரலுக்கும் பிறகு அக்டோபர் 31க்கும் நகர்ந்தது. தொடக்கூடாதவரை எப்படித் தொடுவது என்று நீங்கள் நிர்வாகக் குழுவில் கூடிக் கூடிப் பேசினீர்கள். கடைசியில் மே 22 அன்று நீங்கள் செய்தது என்னால் மறக்க முடியாத காரியம்: விதியை மாற்றலாமா என்று உங்களுக்குள் ரகசியமாக வாக்களித்து, சீட்டுகளை உறையிலிட்டு மூடி வைத்தீர்கள். அவர் விலகும் தேதி சொல்லாவிட்டால் உறைகள் பிரிக்கப்படும் என்று ஏற்பாடு. இரண்டு நாள் கழித்து அவர் கண்கலங்கி விலகலை அறிவித்தார். ஒரு நாட்டின் பிரதமர் போனது, திறக்காத உறைகளின் அச்சுறுத்தலில்.

இதோடு 2016ஐயும் சேர்த்துப் பாருங்கள். பொதுவாக்கெடுப்பு முடிந்த ஐந்தாம் நாள் தொழிற்கட்சி உறுப்பினர்கள் 172க்கு 40 என்று கோர்பின்மீது நம்பிக்கையில்லை என்றார்கள். அந்தக் கட்சியின் விதிப்படி அந்த வாக்கு தலைவரைக் கட்டுப்படுத்தாது, அவர் நகரவில்லை, செப்டம்பரில் கட்சி உறுப்பினர்களிடம் போய் மீண்டும் வென்றார். 172 பேர் வேண்டாம் என்ற தலைவர் நிலைத்தார். 200 பேர் வேண்டும் என்ற தலைவர் ஐந்தே மாதத்தில் போனார். பின்னாளில் பிரதமரான போரிஸ் ஜான்சனும் 2022 ஜூன் 6 அன்று 211க்கு 148 என்று வென்று, ஒரே மாதத்தில் விலகலை அறிவித்தார். அந்த முறை சிலர் அரசியாரின் பிளாட்டினம் விழா முடியட்டும் என்று கடிதத்தில் பிந்தைய தேதி போட்டுக் கொடுத்திருந்தார்கள் என்று பிரேடியே சொன்னார். காசோலைக்குப் பிந்தைய தேதி போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்; நம்பிக்கையின்மைக்குப் பிந்தைய தேதி போடுவதை அப்போதுதான் அறிந்தேன்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். ரகசியம் இல்லாவிட்டால் கொறடாக்கள் மிரட்டுவார்கள், பதவி ஆசை காட்டுவார்கள், தொகுதிக் கட்சிக்காரர்கள் வேட்பாளராக மறுபடி நிறுத்த மாட்டார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2019 செப்டம்பரில் ஒப்பந்தமில்லாத விலகலைத் தடுக்க வெளிப்படையாக வாக்களித்த 21 பேரை ஜான்சன் ஒரே இரவில் கட்சியைவிட்டு வெளியே தள்ளினார். கென் கிளார்க், பிலிப் ஹேமண்ட், சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸ் எல்லாம் அதில் இருந்தார்கள். சிலர் பின்னர் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். சிலருடைய அரசியல் வாழ்க்கை அதோடு முடிந்தது. விலை இருந்தது, கொடுத்தார்கள். அவர்களுடைய கருத்தை ஏற்காத வாக்காளனுக்கும் அவர்கள் எங்கே நின்றார்கள் என்பது தெரியும். எனக்கு அது போதும். ஜனவரியில் வெளிப்படையாக எதிர்த்த 118 பேரையும் எவரும் விழுங்கிவிடவில்லை. ரீஸ்-மாக் ஆறு மாதத்தில் அமைச்சரவைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் கட்சியிலேயே வேறு பழக்கமும் இருந்தது. 1990இல் மார்கரெட் தாட்சரை எதிர்த்து மைக்கேல் ஹெசல்டைன் பெயரோடு நின்றார். 204க்கு 152 என்று தாட்சர் முந்தினார், ஆனால் முதல் சுற்றிலேயே வெல்ல விதி கேட்ட முன்னிலைக்கு நான்கு வாக்குகள் குறைந்தன, அவர் போனார். வாக்குச்சீட்டு அன்றும் ரகசியம்தான். ஆனால் எதிரே ஓர் ஆள் நின்றார், அவருக்கென்று சொல்ல ஒரு கொள்கை இருந்தது, நாடு இருவரையும் எடைபோட முடிந்தது. 1998இல் வில்லியம் ஹேக் காலத்தில் வந்த விதிகள்தான் தலைவரைத் தனியே நிறுத்தி, எதிரே யாருமில்லாத வாக்கெடுப்பைக் கொண்டுவந்தன. ஜெர்மனியின் அரசியல் சட்டப்படி, அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்காமல், பதவியிலிருக்கும் சான்சலரை நாடாளுமன்றம் இறக்க முடியாது. 1982இல் ஹெல்முட் ஷ்மிட் போன அதே வாக்கில் ஹெல்முட் கோல் வந்தார். 2018 டிசம்பரில் உங்கள் 117 பேரிடம் மாற்றுப் பிரதமர் யார், மாற்று ஒப்பந்தம் எது என்று கேட்க ஆளில்லை. கேட்டிருந்தால் 117 ஐந்தாறாக உடைந்திருக்கும் என்பது என் கணிப்பு. அந்த உடைவு டிசம்பரிலேயே தெரிந்திருந்தால், ஒப்பந்தத்துக்குப் பெரும்பான்மை எந்தப் பக்கம் தேடவேண்டும் என்பதாவது பிரதமருக்கு விளங்கியிருக்கும்.

அதனால் கேட்கிறேன். எதிர்க்கட்சியாக இருக்கும்போது உங்கள் தலைவரை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்; அது உங்கள் வீட்டு விவகாரம். உங்கள் தலைவர் பிரதமராக இருக்கும் நாளில் விதி வேறாக இருக்கட்டும். வந்திருக்கும் கடிதங்களின் எண்ணிக்கையை வாரம் ஒருமுறை வெளியிடுங்கள். தேவையான அளவு சேர்ந்ததும் எழுதியவர்களின் பெயரையும், அவர்கள் கொடுத்த காரணத்தையும் வாக்கெடுப்புக்கு முன் வெளியிடுங்கள். சீட்டைக்கூட ரகசியமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கொறடாவுக்குப் பயந்தவருக்கு அந்த மறைப்பு இருக்கட்டும். பிரதமரை இறக்க முதல் அடி வைப்பவருக்கு அது தேவையில்லை.

இப்போது நீங்கள் ஆட்சியில் இல்லை, 2024 தேர்தலில் 121 இடங்களுக்குச் சுருங்கியிருக்கிறீர்கள் என்பதால் இதை எழுத இதுவே நல்ல நேரம் என்று நினைத்தேன். யாரைக் காப்பாற்றவும், யாரைக் கவிழ்க்கவும் இந்த மாற்றம் இன்று உதவாது. மூன்றில் ஒரு பங்கு என்று மாற்ற உங்களுக்கு நீண்ட காலம் பிடிக்கவில்லை. இதற்கும் பிடிக்காது. உங்கள் அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டு, சேர்த்த செய்தியை வெளியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லண்டனிலிருந்து ஒரு வாக்காளன்