சமோசிரில் நிலம் வாங்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இந்தோனேசியாவில், தோபா ஏரிக்குள் இருக்கும் சமோசிர் தீவில் இடம் வாங்கி, நாலு அறை கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நீயும் மாப்பிள்ளையும் யோசிப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால், "உங்கள் வீட்டுக்காரர் இந்தியர், உங்கள் பேரில் பதிவதில் சிக்கல் வரும், என் பேரில் வாங்கிவிட்டு நமக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம்" என்று அந்தத் தரகர் சொன்னதற்கு மட்டும் தலையாட்டிவிடாதே. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

இங்கே நிலத்துக்கெல்லாம் அடிப்படை 1960-ம் ஆண்டின் 5-ம் எண் சட்டம். ஹாக் மிலிக் என்கிற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். அந்த உரிமை வெளிநாட்டவர் கைக்குப் போகும்படி நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கினால், 26-ம் பிரிவின்படி அது செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. அரசு தலையிடாமலே போனாலும் ஆபத்து இருக்கிறது. சான்றிதழில் பேர் உள்ளவர் காலமானால் அவர் பிள்ளைகள்தான் வாரிசு. அவர் வங்கியில் அடகு வைத்துக் கட்டத் தவறினால் வங்கி ஏலம் விடும். அப்போது உன் கையில் இருக்கும் தாள் எதற்கும் உதவாது.

உனக்கு அந்தக் குறுக்கு வழி தேவையே இல்லை. நீ இன்னும் இந்தோனேசியப் பிரஜை. சிக்கல் கல்யாணத்தில்தான் இருக்கிறது. கணவன் சொத்து, மனைவி சொத்து தனித்தனி என்று சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் எழுதாதவர்கள் வாங்குவதெல்லாம் இருவருக்கும் பொதுச் சொத்து. பாதி மாப்பிள்ளைக்கு உரியதாகிவிடுவதால் ஹாக் மிலிக்கை ஒரு வருஷத்துக்குள் விட்டாக வேண்டும். முன்பெல்லாம் இந்த ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, கல்யாணமானவர்களும் எழுதலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் இந்தியாவில் பதிந்த கல்யாணத்தை இங்கே குடிமைப் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்து நோட்டரியிடம் ஒப்பந்தப் பத்திரம், அதை அதே அலுவலகத்தில் குறிப்பேற்றுவது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் நிலத்துக்கு முன்பணம். நாளைக்கு நீ இந்தியக் குடியுரிமை வாங்கினாலும் அதே ஒரு வருஷக் கெடு உனக்கும் வந்துவிடும் என்பதை நினைவில் வை.

இனி நிலத்துக்கு வருகிறேன். சட்டத்தைவிட இதுதான் கடினம். சமோசிரில் நிலம் விற்கிறவர் ஒருவருக்கே சொந்தம் என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு ஹுத்தாவையும், அதாவது ஊரையும், நிறுவிய மார்கா, அதாவது குலம், ஒன்று இருக்கும். சுற்றியுள்ள நிலம் அந்த மார்காவின் பாட்டன் பூட்டன் வழி வந்தது. வழக்கப்படி ஆண்பிள்ளைகள் பங்கு. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் மேடானிலும் ஜகார்த்தாவிலும் இருப்பார்கள். ஊரில் இருக்கும் தம்பி விற்றுவிடுவார். கிறிஸ்துமஸுக்கு ஊர் வரும் அண்ணன் வேலியைப் பார்த்துவிட்டு, "யாரைக் கேட்டு விற்றாய்?" என்பார். வழக்கு அங்கேதான் தொடங்கும். அதனால் உடன்பிறந்தவர் அத்தனை பேரின் கையெழுத்தும், விற்பவரின் மனைவி சம்மதமும், கிராமத் தலைவர் கையெழுத்திட்ட வாரிசுச் சான்றும் இல்லாமல் ஒரு ரூப்பியா கொடுக்காதே. நாலு எல்லையிலும் உள்ள அக்கம்பக்கத்தாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, அவர்கள் முன்னிலையில் கைமாற்றுவது வீண் செலவு அல்ல. பிறகு தகராறு வந்தால் அவர்கள்தான் உனக்குச் சாட்சி.

நிலத்தில் கல்லறையோ, மூதாதையர் நினைவுச் சின்னமான துகுவோ இருக்கிறதா என்று நடந்து பார். இருந்தால் அந்தக் குடும்பம் வந்துபோகும் உரிமை என்றைக்கும் இருக்கும், அதை அடைக்க முடியாது. யாராவது வயலாக உழுதுகொண்டிருந்தால், அது அடமானத்தில் இருக்கும் நிலமா என்று உழுகிறவரிடமே கேள், விற்பவரிடம் கேட்காதே. பாதையையும் பார். பிறர் நிலம் வழியாகத்தான் போக வேண்டுமென்றால் அந்த வழியுரிமை பத்திரத்தில் வர வேண்டும்.

அளவை ரந்தே கணக்கில் சொல்வார்கள். ஒரு ரந்தே 20-க்கு 20 மீட்டர், 400 சதுர மீட்டர், நம் ஆட்களின் கணக்கில் ஏறக்குறைய பத்து சென்ட். 25 ரந்தே சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். உங்களுக்கு மூன்று ரந்தே தாராளம். நெல் வயலை வாங்காதே. 1961-ம் ஆண்டு விதிப்படி விவசாய நிலத்துக்குச் சொந்தக்காரர் அதே வட்டத்தில் குடியிருக்க வேண்டும், நீ சென்னையில் இருக்கிறாய். ஏரியை ஒட்டிய இடம் கண்ணைப் பறிக்கும், ஆனால் உயர்ந்தபட்ச நீர்மட்டக் கரையிலிருந்து குறைந்தது 50 மீட்டர் வரை கட்டக் கூடாத பகுதி. "கரையோர நிலம்" என்று விலை சொன்னால் அந்த 50 மீட்டரைக் கழித்துவிட்டுப் பேசு. மேட்டுப் பக்கம் போனால் நிறைய இடம் வனப்பகுதி எல்லைக்குள் வரும், அதற்குச் சான்றிதழே கிடைக்காது.

சான்றிதழ் உள்ள நிலமானால் மாவட்டத் தலைநகரான பங்கூருரானில் உள்ள நில அலுவலகத்தில் பத்திர அதிகாரியைக் கொண்டு சரிபார்க்கச் சொல். அடமானம், தடை எல்லாம் அதில் தெரிந்துவிடும். பெரும்பாலும் நோட்டரிதான் இந்தப் பத்திர அதிகாரி வேலையையும் செய்வார். கிராமத் தலைவர் கொடுத்த கடிதமும் பழைய வரி ரசீதும்தான் கையில் இருக்கிறது என்றால் அவசரப்படாதே. வரி கட்டினவர் என்பதற்குத்தான் ரசீது ஆதாரம், சொந்தக்காரர் என்பதற்கு அல்ல. ஊர் வழக்கப்படி வந்த நிலத்தின் பழைய தாள்களைப் பதிய 2021 பிப்ரவரி விதி ஐந்து வருஷம்தான் தவணை கொடுத்தது. அதன் பிறகு அவை உரிமைக்குச் சான்று ஆகாது, வெறும் குறிப்புதான். ஆகவே, விற்பவர் தன் பேரில் சான்றிதழ் வாங்கிய பிறகே முழுப் பணம் என்று பேசு. அளக்க வருகிற அன்று எல்லைக்காரர்கள் எல்லாரும் நிற்க வேண்டும், மூலைகளில் கான்கிரீட் கல் நட வேண்டும்.

செலவுக் கணக்கு ஒன்று சொல்கிறேன். விலை 30 கோடி ரூப்பியா என்று வை. விற்பவர் கட்டும் வரி 2.5 சதவீதம், 75 லட்சம். வாங்குகிற உனக்கு 5 சதவீதம், ஆனால் மாவட்டம் சொல்லும் விலக்குத் தொகையைக் கழித்த பிறகு. விலக்கு 8 கோடி என்றால் மீதி 22 கோடிக்கு 1 கோடியே 10 லட்சம். பத்திர அதிகாரியின் கட்டணம் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. யார் எதைக் கட்டுவது என்பதை விலை பேசும்போதே முடிவு செய்துவிடு, கடைசி நாளில் "எல்லாம் வாங்குபவர் பொறுப்பு" என்பார்கள்.

இத்தனைக்கும் முன்னால், ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் ஆசை. தீவில் தோமோக், அம்பாரித்தா பக்கம் வீடுகள் வருஷக் கணக்கில் கிடைக்கும், வாடகையை முன்கூட்டியே கேட்பார்கள். எந்த மாதம் தண்ணீர் வற்றுகிறது, எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் ஆகாது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஏரி கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிரும், தங்க வருகிறவர்கள் வெந்நீர் கேட்பார்கள். சாதாரண வீட்டு மின் இணைப்பு 900 அல்லது 1300 விஏ (வோல்ட்-ஆம்பியர்). அதில் பம்பும் இஸ்திரிப் பெட்டியும் சோறு வடிக்கும் குக்கரும் ஒன்றாக ஓடினால் கரண்ட் விழுந்துவிடும். நாலு அறைக்கு அதைவிடப் பெரிய இணைப்பு கேட்க வேண்டும், வெந்நீருக்குக் கேஸ் ஹீட்டர் போடுங்கள். பச்சை நிற 3 கிலோ சிலிண்டர் மானியத்தில் வருவது, ஏழைகளுக்கு உரியது. நீங்கள் 12 கிலோவே வாங்குங்கள். ஏரித் தண்ணீரை இறைப்பதென்றால் மீன் கூண்டுகள் இருக்கும் பக்கம் குழாய் போடாதீர்கள். காற்று அடித்து அடித்தண்ணீர் மேலே வரும்போது பிராணவாயு குறைந்து மீன்கள் கூட்டமாகச் சாகும், தண்ணீர் நாறும்.

மாப்பிள்ளை விஷயத்தில் கவனம். வந்திறங்கி வாங்கும் விசா 5 லட்சம் ரூப்பியா, 30 நாள், ஒரு முறை நீட்டிக்கலாம். அதில் இருந்துகொண்டு அறைகளைக் கவனிப்பதுகூட வேலை என்றே எடுத்துக்கொள்வார்கள். கெடு தாண்டினால் ஒரு நாளைக்கு 10 லட்சம் அபராதம், 60 நாளுக்கு மேல் போனால் நாடு கடத்தல். தங்குவதானால் மனைவி என்ற முறையில் நீ பொறுப்பேற்று, முறையான குடியிருப்பு அனுமதி வாங்கிக் கொடு. ஊருக்குள் போனதும் கிராமத் தலைவரிடம் இருவரும் போய்ச் சொல்லிவிடுங்கள்.

பயணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். 2018 ஜூன் 18 அன்று தீவின் சிமானிந்தோவிலிருந்து அக்கரையில் உள்ள திகாராஸுக்குப் போன சினார் பங்குன் படகு கவிழ்ந்தது. லெபாரான் (ரம்ஜான் பண்டிகை) விடுமுறைக் கூட்டம். நாற்பது பேர் சுமாருக்கான படகில் நூற்றெண்பதுக்கு மேல் ஆட்களும், கூடவே மோட்டார் சைக்கிள்களும். பயணிகள் பட்டியலே இல்லாததால் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதே முதலில் தெரியவில்லை. 160 பேருக்கு மேல் காணாமல் போனார்கள், படகு 450 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. ஏரியில் காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் எழும், ஆகவே காலைப் படகு பிடி. அக்கரையில் உள்ள அஜிபாத்தாவிலிருந்து கார் ஏற்றும் பெரிய ஃபெரியில் போ. மிதவைச் சட்டையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் போட்டுக்கொள். கூட்டம் வழிந்தால் அடுத்ததற்குக் காத்திரு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, லெபாரான் நாட்களில் கார் வரிசை மணிக்கணக்கில் நிற்கும், அப்போது போகவே போகாதே.

காற்றில் ஃபெரி நின்றுபோனால் தரைவழி உண்டு. பங்கூருரானில் தானோ பொங்கோல் கால்வாய்ப் பாலம் தீவைக் கரையோடு இணைக்கிறது. மேடானிலிருந்து பெராஸ்தாகி, சிடிகாலாங், தேலே வழியாக வரலாம். தேலேயிலிருந்து இறக்கம் முழுக்க வளைவுகள், சாயங்காலம் மூடுபனி இறங்கும். பகலிலேயே கடந்துவிடு.

கல்யாணச் சான்றிதழ் அசலையும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இந்தோனேசிய மொழியில் பெயர்த்த பிரதியையும், உன் அடையாள அட்டையையும் எடுத்து வை. நீ வரும் தேதி தெரிந்தால் நோட்டரியிடம் நேரம் கேட்டு வைக்கிறேன். தரகருக்கு இப்போதைக்கு, "அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் பதில் சொல்.

அன்புடன்,
அம்மா