வாய்மைக்கு ஒரு வாக்கியம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்துவிட்டது, மறுபடியும் காலையில் நடக்கப் போகிறார்.

'வாய்மை' என்ற சொல்லுக்குப் பொருள் விளங்க வாக்கியம் அமைக்கச் சொன்னால், பாதி வகுப்பு "நாம் வாய்மையுடன் வாழ வேண்டும்" என்று எழுதுகிறது, முழு மதிப்பெண் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. அந்த வாக்கியத்தில் வாய்மையை எடுத்துவிட்டுப் பணிவு, சிக்கனம், ஒற்றுமை என்று எதை வைத்தாலும் பொருந்தும். அப்படியென்றால் பொருள் எங்கே விளங்கியது?

உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, மெய்க்கு மெய்மை என்று எங்கள் ஆசிரியர்கள் பிரித்துச் சொல்லித் தந்தார்கள். நினைவில் வைக்க நல்லதுதான். ஆனால் அன்றாடப் பேச்சு அந்தக் கோட்டை மதிப்பதில்லை. நேற்று பட்டர்வொர்த்தில் மழை பெய்தது என்பது உண்மை. யாரும் வாய் திறக்காவிட்டாலும் அது உண்மைதான். வாய்மைக்கு ஒருவர் பேச வேண்டும். பொய் சொல்லித் தப்பவோ லாபம் பார்க்கவோ அந்த இடத்தில் அவருக்கு வழியும் இருக்க வேண்டும். பிள்ளையின் வாக்கியத்தில் அந்த வழி தெரிகிறதா என்று பார்த்துத் திருத்து.

நம் லிட்டில் இந்தியா நகைக்கடை ஒன்றை நினைத்துக்கொள். பழைய சங்கிலியை விற்க வந்த பாட்டிக்குத் தங்கத்தின் தரம் தெரியாது. மட்டமான தங்கம் என்று சொல்லிக் கடைக்காரர் விலையைக் குறைத்திருக்கலாம். "பாட்டி, இது 916தான், ஆயிரத்தில் 916 பங்கு பொன்" என்று சொன்னார் என்றால், அது அவருடைய வாய்மை. எடையில் கை வைக்காமல் நிறுத்தது நேர்மை. மீதிப் பணத்தை வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொல்லி அன்றைக்கே கொடுத்தால் நாணயம். கடையும் ஆளும் ஒன்றுதான். ஆனால் சொற்களை இடம் மாற்றிப் போட்டால் வாக்கியம் கெட்டுவிடும்.

சொன்ன சொல்லைக் காப்பதையும் வாய்மை என்றுதான் சொல்கிறோம். "வாய்மை தவறாத அரிச்சந்திரன்" என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்த தொடர். நாடு போயும் அவன் கொடுத்த வாக்கை விடவில்லை. 'வாய்மை தவறாத', 'வாய்மை காத்த', 'வாய்மையுடன் கூறினான்' எல்லாம் இயல்பாக வரும். "வாய்மையில் எனக்குப் பசிக்கிறது" வராது, அங்கே 'உண்மையில்'தான். "உண்மையான நண்பன்" என்றால் போலி இல்லாதவன். "வாய்மையான நண்பன்" என்றால் பொய் பேசாதவன். இரண்டும் சரி, பொருள்தான் வேறு.

கோலாலம்பூர் பிள்ளைகளிடம் இன்னொன்றையும் கவனி. மலாயில் 'கெபெனாரான்' என்றால் உண்மை, அனுமதி இரண்டையும் குறிக்கும். மலாயில் யோசித்து, அகராதியைப் பார்த்துத் தமிழில் எழுதும் பிள்ளை "தலைமையாசிரியரின் வாய்மை பெற்று வெளியே சென்றோம்" என்று எழுதக்கூடும். திட்டாதே. எங்கிருந்து வந்தது என்று புரியவைத்தால் மறுபடி எழுதாது.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று தமிழ்நாட்டுச் சின்னத்தைக் காட்டி, "வாய்மையே வெல்லும் என்கிறார்களே, அது உண்மையைத்தானே சொல்கிறது?" என்று மடக்கும். ஆமாம் என்று சொல். அது முண்டக உபநிடதத்தின் 'சத்யமேவ ஜயதே' தமிழானது. அங்கே சொல் விரிந்து நிற்கிறது. பேச்சில் நாம் அவ்வளவு விரிப்பதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாடநூலில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள் என்பதால் நீயே நேரம் எடுத்துச் செய். திருக்குறளில் வாய்மை 30ஆம் அதிகாரம். முதல் குறளே, 291, வாய்மை எதுவென்றால் "யாதொன்றும் தீமை இலாத சொலல்" என்கிறது. நடந்ததை அப்படியே சொல்வது என்று வள்ளுவர் சொல்லவில்லை, பார்த்தாயா? தோழியின் அப்பாவுக்கு வேலை போய்விட்டதை ஒருவன் வகுப்பில் உரக்கச் சொல்லிச் சிரிக்கிறான். நடந்தது உண்மை. அவன் சொன்னது வாய்மை ஆகாது.

உடனே கேட்பார்கள்: "அப்போ ஜன்னலை உடைத்தவனைக் காட்டிக்கொடுத்தால்? அவனுக்கு அடி விழுமே, அது தீமைதானே?" வாய் மூடி இருந்தால் பழி யார் மேல் விழும் என்று திருப்பிக் கேள். உடைக்காத பிள்ளை தண்டனை வாங்கும் என்றால், பேசுவதுதான் வாய்மை. என் முடிவு இதுதான், ஆனாலும் பிள்ளைகளை வாதாட விடு. குற்றமற்ற நன்மை தரும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்னும் 292ஐ மட்டும் நான்காம் ஆண்டில் எடுக்காதே. அது பெரிய வகுப்புக்கு. சின்னப் பிள்ளைகள் அதைச் சாக்காகப் பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம், மாதிரி வாக்கியம் கேட்டாயே: "அடி விழும் என்று தெரிந்தும், ஜாடியை உடைத்தது தான்தான் என்று வாய்மையுடன் கூறினான் தம்பி." முதலில் கரும்பலகையில் எழுதிவிடாதே, எல்லாரும் ஜாடியையே உடைப்பார்கள். அவர்கள் எழுதி முடித்தபின் காட்டு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது நல்ல வாக்கியங்களாகப் பார்த்து எழுதி எடுத்து வா, எனக்குப் படிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா