கட்டையனுக்கு ஒரு பலகை

கல்லடி,
ஞாயிறு இரவு

மச்சான்,

எட்டு மாதமாகப் பதில் இல்லை என்று ஏசப்போகிறாய். ஏசு, பிறகு வாசி. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். மழை ஓய்ந்து வாவியும் தெளிந்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டையனுக்குப் பாரிசவாதம் வந்தது உனக்குத் தெரியும். பேச்சு திரும்பிவிட்டது, வாய் முந்தியதைவிட மோசம். இடது கை விரல்கள்தான் மடங்குவதில்லை. வலது கையில் ஊசி ஓடினாலும், வலைக் கண்ணின் அளவுக்கு நூலைச் சுற்றுகிற பலகையை இடது கையல்லவா பிடிக்க வேண்டும்? மாமாங்கத் திருவிழா நேரம் போய்ப் பார்த்தேன். பாதி கட்டிய வீச்சுவலை வளையில் தொங்குகிறது, தூசி பிடித்து. "இனி நீ கட்டு" என்று சிரித்தான். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உள்ளங்கையோடு பட்டி போட்டுக் கட்டுகிற மாதிரி ஒரு பலகை செய்தால் என்ன என்று தோன்றியது. நீ டோஹாவில் ஆட்டோகேட்டில் கட்டடம் கீறுகிறாய், வருடாவருடம் கம்பனி காசு கட்டுகிறது. எனக்கு யார் கட்டுவது? ஃபிரீகேட் என்று கணினியில் படம் கீறுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. சதம் கட்டத் தேவையில்லை, கெடு முடிந்துவிட்டது என்று பூட்டவும் மாட்டாது. 2002இல் வெளிவரத் தொடங்கியது, பதிப்புக்கு 1.0 என்று பெயர் வைக்க 2024 நவம்பர் வரை இழுத்தார்கள். உன் கல்யாணமே பரவாயில்லை.

முதல் இரண்டு கிழமை அழுதேன். கோடு கீறினால் அது தன்பாட்டுக்கு ஆடும். இது கிடைக்கோடு, இதுவும் அதுவும் ஒரே நீளம், இந்தத் துளை விளிம்பிலிருந்து 8 மி.மீ. என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கட்டவேண்டும். ஆட இடமே இல்லை என்றானதும் முழுப் படமும் பச்சையாகும். அந்தப் பச்சையை முதல்முதல் கண்ட இரவு பன்னிரண்டரை மணிக்கு மனிசியை எழுப்பிக் காட்டினேன். அவள் சொன்னதை எழுத மாட்டேன். நம் வரைதல் சேர் இருந்திருந்தால் என் காதைப் பிடித்துத் திருகியிருக்க மாட்டார், அவ்வளவுதான். பென்சில் கதையை நீ மறந்திருக்க மாட்டாய்.

தொடங்கியபோது என்னிடம் இருந்தது 0.21 பதிப்பு. பட்டி நுழைகிற துளைகளைப் போட்டு முடித்தபிறகு, தொடக்கத்துப் படத்தில் ஒரு மூலையை வெட்டினேன். துளைகள் வேறு பக்கத்துக்கு ஓடிவிட்டன! ஃபிரீகேட் பலகையின் முகங்களுக்கு, அதாவது ஒவ்வொரு பரப்புக்கும், தானே நம்பர் போட்டு வைக்குமாம். ஒரு மூலை கூடினால் நம்பர் மாறும், அதை நம்பி நின்றதெல்லாம் இடம் மாறும். 1.0இல் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது.

இன்னொன்று கேள். பலகை 6 மி.மீ. தடிப்பு. நூல் வழுக்க வேண்டுமே, விளிம்பை முழு வட்டமாக உருட்டுவோம் என்று இரண்டு பக்கமும் வளைவின் ஆரை 3 மி.மீ. என்று கொடுத்தால் பிழை, பிழை, பிழை. ஆத்திரத்தில் 2.99 என்று அடித்தேன். உருண்டது. இரண்டு வளைவும் நடுவில் சரியாக முட்டினால் இடையில் முகமே மிஞ்சாது, அதுதான் அதற்குப் பிடிக்கவில்லை.

கல்முனையில் ஒரு பொடியன் முப்பரிமாண பிரிண்டர் வைத்திருக்கிறான். பிஎல்ஏ என்கிற பிளாஸ்டிக்கில் அடித்துத் தந்தான். வழியில் வான் வண்டியை வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன், கண்ணாடிக்குக் கீழே பலகை. திரும்பி வந்தால் அது அப்பளம். அந்தச் சாமான் 60 பாகையை நெருங்கினாலே இளகும். நம்மூர் வெயிலுக்கு அது தோதில்லை என்று இரண்டாவதைச் சூடு கூடத் தாங்குகிற பெட்ஜி பிளாஸ்டிக்கில் அடித்தோம்.

கட்டையன் கட்டிப் பார்த்தான். பத்துக் கண் போட்டுவிட்டு நிறுத்தினான். "கண் பெரிசு." நான் அவனுடைய பழைய மூங்கில் பலகையின் அகலத்தைத்தான் வைத்திருந்தேன். ஆனால் மூங்கில் மெல்லியது, என் பலகையின் தடிப்பையும் நூல் சுற்றி வருகிறதே! அதை அவன் சொல்லித்தான் எனக்கு ஏறியது. நல்லவேளை, அளவுகளை உள்ளே ஒரு அட்டவணையில் எழுதி வைத்திருந்தேன். அகலத்தின் கட்டத்தில் ஒரு எண்ணை மாற்றினேன், துளை, விளிம்பு எல்லாம் பின்னாலேயே வந்தன. இப்போது இறாலுக்கு ஒன்று, மணலைக்கு ஒன்று என்று கேட்கிறான். எண்ணை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன்.

நேற்று மூன்று வரிசை முடித்திருக்கிறான். முந்தி அரை மணியில் முடிப்பான், இப்போது பின்னேரம் முழுவதும் போகிறது. பட்டி மணிக்கட்டை அறுக்கிறது என்று முறைப்பாடு வேறு. அங்கே கொஞ்சம் வளைவு வேண்டும், அது எனக்கு வரவில்லை. ஃபைலை அனுப்புகிறேன், சிரிக்காமல் திறந்து பார். சித்திரைக்கு வருவாயானால் அகலமான ஒட்டும் பட்டி இரண்டு மீற்றர் கொண்டு வா. கறுப்பு வேண்டாமாம், கட்டையன் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
பென்சில்