பனி விழுந்த மறுநாள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் தோட்ட வேலை இழுத்துக்கொண்டது. முந்தாநாள் ராத்திரியோடு அந்த வேலையில் பாதி குறைந்துவிட்டது. இந்த வருஷத்தின் முதல் உறைபனி!

தப்பு என்னுடையதுதான். படுக்கப் போகும்போது சுவரில் இருக்கும் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டியது. பூஜ்யத்துக்கு மேலேதானே என்று தூங்கிவிட்டேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. அதைப் பார்த்தே சுதாரித்திருக்க வேண்டும். அந்த மாதிரி ராத்திரிகளில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். போதாததற்கு, குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி பள்ளத்தில் தேங்கும். என் பீன்ஸ் பாத்தி இருப்பதும் பள்ளத்தில்தான்.

விடிந்ததும் பார்த்தால் இலை ஓரமெல்லாம் பொடி உப்பைத் தூவியதுபோல் வெள்ளை. அழகாகத்தான் இருந்தது, என்ன செய்ய! வெயில் ஏறியதும் வெந்த கீரையாகத் தொங்கிவிட்டது. மிளகாயும் போச்சு. மேட்டில் நின்ற தக்காளி மட்டும் நுனி கருகியதோடு தப்பித்தது.

பிளாஸ்டிக் ஷீட் போர்த்தலாமா என்று கேட்டிருந்தாய். இலையில் ஒட்டிய இடம் கருகிவிடும். பழைய போர்வையே மேல். செடிக்கு முண்டாசு கட்டுகிற மாதிரி சுற்றிவிடாதே. சூடு வருவது மண்ணிலிருந்து. துணியின் ஓரம் தரையைத் தொட வேண்டும், அந்த ஓரத்தின் மேல் கல் வை. இருட்டுவதற்கு முன்பே போர்த்து, காலையில் எடுத்துவிடு. அன்று பகலில் மண்ணை நனைத்து வைத்தால் இன்னும் நல்லது, ஈர மண் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும்.

தக்காளியை நேற்றே காயாகப் பறித்துவிட்டேன். இரண்டு தட்டு நிறைய, சீக்கிரம் பழுக்கட்டும் என்று நடுவில் ஒரு பழுத்த ஆப்பிள். வெளிறிப் பளபளக்கிற காய்கள் பழுத்துவிடும். கரும்பச்சையில் கல் மாதிரி இருப்பதை ஊறுகாய்க்கு ஒதுக்கிவிட்டேன். ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதே, பழுக்காது.

கேரட்டைத் தொடவில்லை. குளிர் கண்டால் அது தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும், சீக்கிரம் உறையாமலிருக்க. இன்று காலை ஒன்றைப் பிடுங்கி, குழாயடியிலேயே கழுவிக் கடித்தேன். போன வாரத்துக் கேரட்டா இது என்று இருந்தது!

சரி, மணி ஐந்தாகப் போகிறது. வானம் மறுபடியும் துடைத்து வைத்தமாதிரி இருக்கிறது. போர்வைகளை எடுக்க வேண்டும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

உன் பழைய நண்பன்