பார்ட்டி வெளியே போயிருக்காங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில் வாசகர்களிடம் இருபது கேள்விகள் கேட்டிருந்தீர்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலை என்ன, காபியா டீயா, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், தூக்கிப் போட மனசு வராத பொருள் எது, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தீர்கள். நானும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது கேள்விக்குள்ளேயே என் எழுத்து ஓரத்தில் ஏறி, பக்கத்தில் இருந்த நகைக்கடை விளம்பரத்துக்குள் போய்விட்டது. சரி, இது நமக்கு ஒத்துவராது என்று மடித்து வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு ஒரு வாசகர் கோபமாக எழுதியிருந்தார். நாட்டில் ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது காபியா டீயா என்று கேட்டுக் காகிதத்தை வீணாக்கலாமா என்று. அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்படியே உங்கள் கேள்விகளில் சிலவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் 1983-ல் கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஆபரேட்டர் இல்லாமலே வெளியூருக்கு நேராகச் சுழற்றிப் பேசுகிற எஸ்.டி.டி. பெருகி, நாங்கள் லைன்களை இணைக்கிற போர்டைக் கழற்றிக்கொண்டு போன பிறகு வேறு வேறு நாற்காலிகளில் இருந்தேன். 2020 ஜனவரி 31-ல் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். ஆனால் யார் கேட்டாலும் ஆபரேட்டர் என்றுதான் சொல்வேன். டிரங்க் கால் என்றால் என்ன என்று என் பேரனுக்கு ஒரு தடவை விளக்கினேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் 180-ஐச் சுழற்றி எங்களிடம் புக் பண்ண வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. அர்ஜென்டுக்கு இரண்டு மடங்கு காசு, லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. நாங்கள் ஊர் ஊராக லைன் பிடித்து, கிடைத்ததும் உங்களைத் திருப்பிக் கூப்பிடுவோம். கணக்கு மூன்று நிமிஷக் கணக்கு. மூன்று முடிந்ததும் நடுவில் புகுந்து, 'மூணு நிமிஷம் ஆயிடுச்சு, எக்ஸ்டென்ட் பண்ணவா?' என்று கேட்போம். பேரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ மெசேஜ் அனுப்பியிருக்கலாமே பாட்டி" என்றான்.

எங்கள் போர்டில் பாதி, தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் வடக்கே சரக்கு பேசுகிற கால்கள். ஃபேக்டரி என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். மீதிப் பாதி வீட்டு ஆட்கள். பேச்சைக் கேட்கக் கூடாது என்பது விதி. இருந்தாலும் இரண்டு பக்கமும் குரல் போகிறதா என்று கீயைத் தட்டி ஒரு நொடி பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு நொடி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருஷம்! காதில் விழுந்ததைச் சொல்கிறேன். "சாப்டியா?" "அங்க மழை தண்ணி உண்டுமா?" "மாடு கன்னு போட்டுட்டா?" "சின்னவளுக்கு எந்தப் பல்லு விழுந்துச்சு?"

ஒரு பெரியவரை மறக்கவே முடியாது. பம்பாயில் இருக்கிற மகனுக்கு ஆர்டினரி கால் புக் பண்ணிவிட்டு மத்தியானத்திலிருந்து காத்திருந்தார். லைன் கிடைக்கும்போது விளக்கு வைத்த நேரம். பம்பாய் வரைக்கும் தன் தொண்டையால்தான் குரல் போக வேண்டும் என்பதுபோல் கத்தினார். "என்னலே சாப்ட?" "சோறுதாம்ப்பா." "என்ன கொழம்பு?" மகன் ஏதோ சொன்னான். "அதுல என்ன காய் போட்ட?" மூன்று நிமிஷமும் குழம்பிலேயே போயிற்று. நான் குறுக்கே போய், நீட்டிக்கவா என்று கேட்டேன். "போதும்மா, எல்லாம் பேசியாச்சு" என்றார்.

கோபப்பட்ட வாசகருக்கு என் பதில் அவ்வளவுதான். இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கென்றே அரை நாள் காத்திருந்து, காசும் கட்டிய ஜனங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பத்திரிகை அதைச் சும்மா கேட்கிறது.

இனி கேள்விகள். காலையில் எழுந்ததும் மணி பார்ப்பேன். நாலேகால் இருக்கும். காலை ஷிஃப்டுக்கு எழுந்த பழக்கம், இப்போது யாருக்கும் பயனில்லாமல் தொடர்கிறது. பிடித்த நிறம் என்ற கேள்வியைத் தாண்டிவிட்டேன். அறுபது வயதுக்கு மேல் துணிக்கடையில் நம் கையில் கொடுக்கிற நிறம்தான் நம் நிறம்.

காபியா டீயா என்பதில் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் காப்பி என்றால் கருப்பட்டிக் காப்பி. அம்மா போட்டாள், குடித்தோம், அது பிடிக்குமா என்று யாரும் கேட்டதில்லை. நைட் டூட்டியில் டீ. வாட்ச்மேன் தூக்குவாளியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வாங்கி வருவார், வந்து சேரும்போது மேலே ஆடை படிந்திருக்கும். அந்த ஆடையை விலக்கிவிட்டு, ஒரு காதில் ஹெட்செட்டோடு குடிக்கிற டீ. கல்யாணமான பிறகு வீட்டுக்காரருக்குப் பில்டர் காபி, அதனால் எனக்கும் பில்டர் காபி. இதில் எது எனக்குப் பிடித்தது என்று நீங்கள் கேட்டதும் அடுப்படியில் நின்று ரொம்ப நேரம் யோசித்தேன். மூன்றும் பழகியது. பிடித்தது வேறு, பழகியது வேறு. உங்கள் இருபது கேள்வியில் பன்னிரண்டு 'பிடித்த' என்றுதான் தொடங்குகின்றன. அதில் எட்டுக்கு எனக்குப் பழகியதுதான் பதிலாக இருக்கிறது. அடுத்த முறை இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டம் போடுங்கள்.

ஆனால் பிடித்த வாசனை எது என்ற கேள்விக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மல்லிகை, மண்வாசனை என்று பலர் எழுதியிருந்தார்கள். கரிசல் மண்ணில் முதல் மழை விழும்போது வருகிற வாசனை எனக்கும் தெரியும், நல்லதுதான். என்னுடையது வேறு: மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை. சிரிக்காதீர்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். அந்தக் காலத்துப் பெட்டி அட்டை கிடையாது, மெல்லிய மரச்சில்லு. அதை மடக்கி நீலத்தாள் சுற்றி ஒட்ட வேண்டும். குரோஸ் கணக்கில் கூலி. குரோஸ் என்றால் 144. வாய்ப்பாடு படிப்பதற்கு முன்னாலேயே எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு 144 தெரியும். அம்மா சாயங்காலம் பெரிய அலுமினியச் சட்டியில் பசை காய்ச்சுவாள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை. சட்டி ஓரத்தில் பொங்கி நிற்கும்போது ஒரு வாசனை வரும், வெந்த மாவும் அதில் கொஞ்சம் செம்புக் காசு மாதிரியும். அது விஷம், விரலை வாயில் வைக்காதே என்று அம்மா கத்திக்கொண்டே இருப்பாள். நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒட்டுவோம். அக்கா மேல்பெட்டி, நான் உள்பெட்டி. அவள் எப்போதும் என்னைவிட ஒரு குரோஸ் முன்னால் இருப்பாள். எப்படி என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். நான் தண்ணீர் குடிக்கப் போகிற நேரத்தில் என் குவியலிலிருந்து சில்லை எடுத்துக்கொள்வாள்.

பிள்ளைகள் அப்படி உட்கார்ந்து ஒட்டியதைப் பெருமையாக எழுதக் கூடாதுதான். கூலி வேலைதானே அது. ஆனால் நீங்கள் கேட்டது வாசனையை.

அதனாலோ என்னவோ, வீட்டில் எதை வீணாக்கப் பொறுக்க மாட்டீர்கள் என்ற கேள்விக்கு என் பதில் தீக்குச்சி. ஒரு குச்சியில் சாமி விளக்கையும் அடுப்பையும் ஏற்றிவிடுவேன். 2021 டிசம்பரில் பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானபோது, பதினாலு வருஷத்துக்கு அப்புறம் ஏறியிருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விலை ஏறியதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே பெண்பிள்ளை நீதான் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

பிடித்த இனிப்பு என்றதும் கோவில்பட்டிக்காரி கடலைமிட்டாய் என்பாள் என்று நினைத்திருப்பீர்கள். 2020-ல் புவிசார் குறியீடெல்லாம் வாங்கிவிட்டது, பெருமைதான். எனக்கு மிட்டாயைவிட உடைசல் பிடிக்கும். தட்டில் பரத்தி வில்லை போடும்போது ஓரத்தில் உதிர்கிற துண்டும் தூளும். அந்தக் காலத்தில் மலிவாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். பாகு ஒட்டிய காகிதத்தையும் சேர்த்துச் சப்பலாம். இது பழகியது இல்லை, நிச்சயமாகப் பிடித்தது.

பிடிக்காத சாப்பாடு குதிரைவாலிச் சோறு. வாரத்தில் ஆறு நாள் அதையும் கம்பையும் சோளத்தையும் தின்று, எப்போது நல்ல நாள் வரும், நெல்லுச்சோறு கிடைக்கும் என்று ஏங்கி வளர்ந்தவள் நான். இப்போது சென்னையில் மருமகள் அதையே பளபளப்பான பாக்கெட்டில், பச்சரிசியைவிட அதிக விலைக்கு வாங்கி, "அத்தை, உங்க ஊர் ஐட்டம்" என்று பொங்கி வைக்கிறாள். நல்ல பிள்ளை. நான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, எனக்குச் சுகர் இருக்குதும்மா என்றேன். சுகருக்குத்தான் இது நல்லது என்று இன்னொரு கரண்டி வைத்துவிட்டாள்.

அப்புறம் மூன்று கேள்விகளுக்கு எனக்கு ஒரே பதில். முதல் சம்பளத்தில் வாங்கிய பொருள், தூக்கிப் போட முடியாத பொருள், நீங்கள் சொன்ன ஒரு பொய்.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை போக மீதியில் எனக்கு ஒரு எச்.எம்.டி. கடிகாரம் வாங்கினேன். பெண்கள் கட்டுகிற சின்னது, வட்டமாக, வெள்ளை முகம். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். போர்டுக்கு மேலே ஆபீஸ் கடிகாரம் இருந்தது, ஆனாலும் மூன்று நிமிஷத்தை நான் என் கையில்தான் பார்ப்பேன். அடுத்த வருஷம் வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணமாகி மதுரைக்குப் போனாள். ஆடிக்கு வந்தவள் கிளம்பும்போது, "ஒரு வாரம் கட்டிக்கிட்டுத் தாரேன்டி" என்று கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போனாள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. என்னிடம் காலிப் பெட்டி மட்டும் இருந்தது. இன்றைக்கும் பீரோவில் இருக்கிறது. அதுதான் தூக்கிப் போட முடியாத பொருள்.

தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும். போர்டில் விளக்கு எரிந்தது. மதுரை. ஆபரேட்டர்களான எங்களுக்குள் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். "கோவில்பட்டி, ஒரு பி.பி. கால்" என்றாள். பி.பி. என்றால் குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேச்சு, அந்த ஆள் இல்லாவிட்டால் முழுக் கட்டணம் கிடையாது. நம்பர் சொன்னாள். எங்கள் தெருமுனை மளிகைக் கடை நம்பர். ஆள் பெயர் சொன்னாள். என் பெயர். கோளாறான லைன் என்பதால், சரியாக விழட்டும் என்று பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி கணக்கில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எனக்கே சொன்னாள்.

நான் காலி மணிக்கட்டைப் பார்த்தேன். மளிகைக் கடைக்கு மணி அடிக்கக்கூட இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "மதுரை, பார்ட்டி வெளியே போயிருக்காங்க" என்றேன். மதுரை ஆபரேட்டர் அதை அக்காவிடம் அப்படியே சொல்வது கேட்டது. கீயை மூடிவிட்டேன்.

ஒரு கணக்கில் அது பொய்கூட இல்லை. பார்ட்டி வெளியேதான் இருந்தது, எக்ஸ்சேஞ்சில். சூப்பர்வைசர் அம்மாவிடம் மாட்டியிருந்தால் இந்த நியாயமெல்லாம் எடுபட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

தலைதீபாவளிக்கு அக்கா வந்தாள். கையில் என் கடிகாரம், புதுச் செயின் போட்டு. "அன்னைக்குப் போன் போட்டேனே, எங்கடி போயிருந்த?" என்று கேட்டாள். "டூட்டிக்கு" என்றேன். எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான். சாப்டியான்னு கேக்கத்தான்" என்றாள். கடிகாரத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கடிதம் நீளமாகிவிட்டது, தெரிகிறது. குதிரைவாலி, தீக்குச்சி எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். குழம்புப் பெரியவரை மட்டும் வெட்டிவிடாதீர்கள். என் பெயரைப் போட வேண்டாம். அக்கா மதுரையில் உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறாள். கடிதங்கள் பக்கம் பார்க்கும் வழக்கம் கிடையாது, ராசிபலன் மட்டும் விடாமல் படிப்பாள். அதனால் ராசிபலனுக்கு எதிர்ப்பக்கத்தில் இதைப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் டிரங்க் ஆபரேட்டர்,
கோவில்பட்டி.