மார்பில் கட்டியா? குளிசையை நிறுத்துவது வைத்தியம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்ணின் மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், எங்கள் ஊர்களில் உடனே வரும் தீர்ப்பு, "உந்தக் குளிசையாலைதான் வந்தது, நிப்பாட்டு" என்பதே. மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், சிலவேளை மருந்துக்கடையிலும் அதையே சொல்லி அனுப்புவார்கள். குளிசை நின்றுவிடும், கட்டியைக் கொண்டுபோய்க் காட்டுவார் இல்லை. இரண்டொரு மாதத்தில் எண்ணாத கர்ப்பமும் வந்து சேரும். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் மார்பு கனத்து இறுகிவிடுவதால், அந்தக் கட்டி எப்படிப்பட்டது என்று பார்ப்பது முன்னையிலும் கடினமாகிவிடும்.

ஆய்வுகள் சொல்வது இதற்கு நேர்மாறு. 1970களில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகளில், குளிசை எடுக்கும் பெண்களிடம் புற்றுநோயல்லாத மார்புக் கட்டிகள் குறைவாகவே காணப்பட்டன. இளவயதில் வரும், விரலுக்கடியில் நழுவி ஓடும் பைப்ரோஅடினோமாவும், மாதவிடாய்க்கு முன் நொந்து முடிச்சு முடிச்சாகத் தென்படும் பைப்ரோசிஸ்டிக் மாற்றமும் இவற்றில் அடங்கும். இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தவர்களிடம் வித்தியாசம் தெளிவாக இருந்தது. குளிசையிலுள்ள புரோஜெஸ்டோஜன் என்ற ஓமோனின் அளவு கூடக் கூடக் கட்டிகள் குறைந்தன என்று 1977இல் பிரித்தானியக் குடும்ப வைத்தியர்களின் ஆய்வு காட்டியது. குளிசை முட்டை வெளியேறுவதைத் தடுப்பதால் மாதாமாதம் ஓமோன் ஏறி இறங்குவது அடங்குகிறது, மார்பு இழையத்தை ஈஸ்திரஜன் என்ற ஓமோன் தூண்டுவதும் தணிகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

அதற்காகக் கட்டிக்கு மருந்தாகக் குளிசையை விழுங்கவேண்டாம். ஏற்கெனவே கட்டி உள்ளவர்களுக்கு அந்நாளில் வைத்தியர்கள் குளிசை கொடுக்கத் தயங்கினார்கள். குளிசை எடுப்பவர்களிடம் கட்டி குறைவு என்ற கணக்கு அதனாலும் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். அன்றைய குளிசைகள் பலவற்றில் ஈஸ்திரஜன் 50 மைக்றோகிராம் அல்லது அதற்கு மேல். இன்று இங்கே கிடைக்கும் 'மிதுரி' என்ற கருத்தடைக் குளிசையில் 30 மைக்றோகிராம்தான். பழைய ஆய்வின் பலனை அப்படியே இதற்கும் எழுதிவிட முடியாது. இன்னொன்று, கலங்களில் ஒழுங்கற்ற மாற்றம் காணும் 'அட்டிப்பியா' வகைக் கட்டியில் இந்தப் பாதுகாப்புத் தென்படவில்லை. பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதும் அந்த வகைதான். ஆகவே கட்டி எந்த வகை என்று சொல்லும் பரிசோதனை அறிக்கையைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

புற்றுநோய்ப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1996இல் வெளியான கணக்கின்படி, குளிசை எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் மார்புப் புற்றுநோய் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கூடுகிறது. நிறுத்திப் பத்து வருடமானால் அந்த மேலதிகம் இல்லை. 2017இல் டென்மார்க்கில் வந்த ஆய்வு, ஓமோன் கருத்தடை பாவிக்கும் ஏறத்தாழ 7,690 பெண்களுக்கு வருடத்தில் மேலதிகமாக ஒருவர் என்று கணித்தது. இளவயதில் இந்நோயே அரிது என்பதால் எண்ணிக்கை சிறிது. சிறிது என்பதற்காக இல்லை என்று ஆகாது.

கட்டி தென்பட்டால் செய்யவேண்டியது இதுதான். மாதவிடாய் தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் மார்பு இளகியிருக்கும்போது மறுபடி பாருங்கள். குளிசை எடுப்பவர்களுக்கு, அட்டையின் கடைசியிலுள்ள ஓமோன் இல்லாத கபிலநிறக் குளிசை நாட்களில் இரத்தம் போகும். அதனால் புதிய அட்டை தொடங்கும் நாள் வசதி. நடு மூன்று விரல்களின் நுனியால் அல்ல, விரல் மெத்தையால் அழுத்தி, காறை எலும்பிலிருந்து மார்பின் கீழ் மடிப்புவரையும் கமக்கட்டுக்குள்ளும் தடவவேண்டும். கமக்கட்டைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதவிடாய் கழிந்தும் கட்டி மறையாவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். கல்லுப்போல் அசையாத கட்டி, தோல் உட்குழிதல், புதிதாகக் காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் மாதவிடாய்க்குக் காத்திருக்கவேண்டாம். நோ இல்லை என்று ஆறுதலடையவும் வேண்டாம். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் நோகாது.

வைத்தியர் கையால் பார்ப்பார். இளவயதினருக்கு ஸ்கான், நாற்பது தாண்டியவர்களுக்கு மமோகிராம். தேவையானால் ஊசியால் கலங்களோ சிறு துண்டு இழையமோ எடுத்துப் பரிசோதிப்பார்கள். கையால் பார்த்தது, படம், ஊசிப் பரிசோதனை மூன்றும் ஒன்றையொன்று ஒத்துப்போகவேண்டும். ஸ்கான் நல்லதாக இருக்கிறது என்று ஊசிப் பரிசோதனைக்குப் போகாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள், அது பிழை.

பரிசோதனை முடியும்வரை குளிசையைத் தொடரலாம். எவருக்கு எந்தக் கருத்தடை பொருந்தும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி அட்டவணையில் இன்னதென்று தெரியாத கட்டிக்கு 2ஆம் வகை, அதாவது பொதுவாகப் பாவிக்கலாம், ஆனால் விரைவில் பரிசோதிக்கவேண்டும். புற்றுநோயல்லாத கட்டி என்று உறுதியானால் 1ஆம் வகை, தடையே இல்லை. தாய்க்கோ சகோதரிக்கோ மார்புப் புற்றுநோய் இருந்தாலும் 1ஆம் வகைதான். புற்றுநோய் உறுதியானால் மட்டுமே 4ஆம் வகை: குளிசையும் கூடாது, மூன்று மாதக் கருத்தடை ஊசியும் கூடாது, கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப் போடலாம்.

குளிசை தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் இரு மார்பும் கனத்து நோவது வழமை, அது கட்டி அல்ல. மருந்துக்கடைகளில் குளிசை கொடுப்பவர்கள் இந்த ஒன்றையாவது சொல்லிக் கொடுக்கவேண்டும். கட்டி என்று வருபவரிடம் "நிப்பாட்டுங்கோ" என்பதற்குப் பதிலாக, பாவிக்கும் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு பெண்களுக்கான அடுத்த சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகச் சொல்லட்டும்.

இங்ஙனம்,
குடும்பநல உத்தியோகத்தர்கள் சிலர்,
வலிகாமம்.